நீதிமன்றத் தவணை தவறிவிட்டதா? பிடியாணையைக் கண்டு ஒளிய வேண்டாம்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் மண்சரிவும் மாத்தளை மாவட்டத்தைத் தாக்கியபோது பலர் உடுத்த உடுப்போடு வீட்டைவிட்டு வெளியேறினீர்கள். பாடசாலையிலும் கோவில் மண்டபத்திலும் உறவினர் வீட்டிலும் நாட்கள் கழிந்தன. இப்போது வீடு திரும்புகிறீர்கள், அல்லது புதிய இடத்தில் குடியேறுகிறீர்கள். கூரை, தண்ணீர், பிள்ளைகளின் பாடசாலை என்று ஆயிரம் வேலை இருக்கும். இவற்றுக்கிடையே பலர் மறந்துபோகும் ஒரு விஷயம் உண்டு. புயலுக்கு முன் போக்குவரத்துப் பொலிஸார் எழுதிக் கொடுத்த தண்டப்பத்திரம், அல்லது நீதிமன்றத்துக்கு வரச்சொல்லிக் குறித்துக் கொடுத்த தவணைதான் அது.

அந்தத் தவணைக்குப் போகாவிட்டால் நீதவான் பிடியாணை பிறப்பிக்கலாம். தலைக்கவசம் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டியது போன்ற சிறிய விஷயமாக இருந்தாலும், பிடியாணை வந்துவிட்டால் அது கைது வரை போகும். ஆனால் இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. நீங்களாகவே போனால் பெரும்பாலும் ஒரு நாளில் முடியக்கூடிய காரியம் இது. பொலிஸார் வரும்வரை காத்திருந்தால்தான் சிக்கல் பெருகும். இந்தப் பாடத்தில் அந்த வழியைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. உங்கள் கையிலுள்ள கடதாசி எது?

முதலில் இரண்டு வகைக் கடதாசிகளைப் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது, தண்டப்பத்திரம். சிறிய போக்குவரத்துக் குற்றங்களுக்குப் பொலிஸார் சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கிக்கொண்டு இதைத் தருவார்கள். தபாலகத்தில் பணம் கட்டி, பற்றுச்சீட்டைப் பொலிஸ் நிலையத்தில் காட்டி அனுமதிப்பத்திரத்தை மீட்டுக்கொள்ளலாம். 14 நாட்களுக்குள் கட்டினால் குறிக்கப்பட்ட தொகை. அதற்கு அடுத்த 14 நாட்களுக்குள் என்றால் இரட்டிப்புத் தொகை. 28 நாளும் கடந்துவிட்டால் விஷயம் நீதிமன்றத்துக்குப் போகும். அதன்பின் தபாலகத்தில் கட்டி முடிக்க இயலாது.

இரண்டாவது, நேரடியாக நீதிமன்றத்துக்கு வரச்சொல்லும் கடதாசி. மதுபோதையில் ஓட்டியது, அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓட்டியது, காப்புறுதி இல்லாமல் ஓட்டியது போன்றவற்றுக்குத் தபாலகத் தண்டம் கிடையாது. குறித்த திகதியில் நீதவான் முன் நிற்க வேண்டும்.

எந்த வகையாக இருந்தாலும் நீதிமன்றத் திகதியில் நீங்கள் அங்கே இல்லையென்றால், முதலில் அழைப்பாணை அனுப்பப்படலாம். அதற்கும் வராவிட்டால் பிடியாணை. அழைப்பாணை உங்கள் பழைய முகவரிக்கே போகும். மண்சரிவில் மூடுண்ட லயனுக்கோ, ஆளில்லாத வீட்டுக்கோ போன கடிதம் உங்கள் கையில் சேர்ந்திருக்காது. அதனால்தான், "எனக்கு ஒன்றும் வரவில்லையே" என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

2. பிடியாணை என்றால் என்ன?

உங்களைக் கைதுசெய்து தன்முன் கொண்டுவரும்படி நீதிமன்றம் பொலிஸாருக்கு எழுத்தில் இடும் கட்டளைதான் பிடியாணை. நீங்கள் குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டது என்பது அதன் பொருள் அல்ல. வழக்குக்கு ஆளைக் கொண்டுவருவதற்கான வழி மட்டுமே.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, பிடியாணை நிறைவேற்றப்படும்வரை, அல்லது அதைப் பிறப்பித்த நீதிமன்றம் இரத்துச் செய்யும்வரை செல்லுபடியாகும். அதற்குக் காலாவதித் திகதி இல்லை. "ஆறு மாதம் போனால் தானாக விட்டுப்போகும்" என்று தோட்டத்திலோ கடைத்தெருவிலோ யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நாட்டின் எந்தப் பகுதியிலும் அதை நிறைவேற்றலாம். மாத்தளையில் பிறந்த பிடியாணைக்கு வவுனியாவிலோ கொழும்பிலோ வீதிச் சோதனையில் அகப்படலாம்.

ஓர் உதாரணம் பாருங்கள். ரத்தோட்டைப் பக்கம் ஆட்டோ ஓட்டும் ஒருவருக்கு டிசெம்பரில் தவணை. வீதியில் மண் சரிந்து கிடந்ததால் அவர் போகவில்லை. குடும்பத்தோடு முகாமில் இருந்தார். மூன்று மாதம் கழித்து, மனைவியைக் கிளினிக்குக்கு ஏற்றிக்கொண்டு போகும்போது சோதனையில் மறிக்கப்படுகிறார். அது வெள்ளிக்கிழமை பின்னேரம். அவர் பொலிஸ் நிலையத்தில், ஆட்டோ வீதியோரத்தில், மனைவி தனியாக. ஆட்டோ ஓடாத நாளில் அந்த வீட்டுக்கு வருமானமும் இல்லை. அதே மனிதர் ஒரு திங்கட்கிழமை காலையில் தானாக நீதிமன்றம் போயிருந்தால், காரணத்தைச் சொல்லி அன்று மாலையே வீடு வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

3. ஒளிந்துகொள்வது ஏன் உதவாது?

உலகின் வேறு இடங்களிலும் இதே பயம் மக்களை வாட்டியிருக்கிறது. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் பெர்குசன் என்ற சிறிய நகரத்தில் சுமார் 21,000 பேர் வாழ்ந்தார்கள். 2014 டிசெம்பரில் அந்த நகர நீதிமன்றத்தின் பிடியாணை 16,000க்கும் அதிகமானோர் மீது நிலுவையில் இருந்ததாக அமெரிக்க நீதித் திணைக்களம் 2015 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை கூறியது. அந்நகரத்துக்கு வந்துபோகும் வெளியூராரும் இவர்களில் அடங்குவர். பெரும்பாலானவை வாகனத் தரிப்பு, போக்குவரத்து போன்ற சிறு விஷயங்கள். தண்டம் கட்டக் கையில் காசில்லாமல் நீதிமன்றம் போனால் பிடித்து அடைத்துவிடுவார்கள் என்று பலர் பயந்தார்கள். பயந்து போகாமல் இருந்ததால் பிடியாணையும் மேலதிகத் தண்டமும் வந்தன. 2015 ஓகஸ்ட்டில் அங்கு வந்த புதிய நீதிபதி, 2014 முடிவதற்கு முன் பிறப்பிக்கப்பட்ட பிடியாணைகளை மீளப்பெற உத்தரவிட்டார்.

நம் நாட்டில் அப்படி எல்லோருக்கும் பொதுவாக ஓர் உத்தரவு வரும் என்று காத்திருக்க வேண்டாம். பிடியாணையை மீளப்பெறும் அதிகாரம் அதைப் பிறப்பித்த நீதிமன்றத்துக்கு உண்டு. அந்தக் கதவை நீங்கள்தான் தட்ட வேண்டும். கையில் காசு இல்லாவிட்டாலும் போங்கள். வராமல் இருப்பவரைவிட, வந்து நின்று கஷ்டத்தைச் சொல்பவருக்கே நீதிமன்றம் காது கொடுக்கும்.

4. முதல் வேலை: வழக்கைக் கண்டுபிடித்தல்

கடதாசி வெள்ளத்தில் போய்விட்டதா? பரவாயில்லை. உங்களுக்குத் தேவை மூன்று விபரங்கள்: எந்தப் பொலிஸ் நிலையம் வழக்குத் தொடுத்தது, எந்த நீதிமன்றம், வழக்கு இலக்கம் என்ன.

- எந்த இடத்தில் மறித்தார்கள் என்று நினைவுபடுத்துங்கள். வழக்கு உங்கள் வீடு இருக்கும் இடத்தை வைத்து அல்ல, சம்பவம் நடந்த இடத்தை வைத்தே அமையும். மாத்தளை நகரில் மறித்திருந்தால் மாத்தளை நீதவான் நீதிமன்றம். மாவட்டத்தின் வடக்கே தம்புள்ளை, நாவுல நீதவான் நீதிமன்றங்களும் உள்ளன. ஏ-9 வீதியில் தம்புள்ளைக்கு அருகே மறிக்கப்பட்ட ஒருவர் மாத்தளை நீதிமன்றத்தில் தேடினால் ஒருநாள் சம்பளம்தான் வீணாகும்.
- அந்த நீதிமன்றத்தின் பதிவாளர் அலுவலகத்தில் உங்கள் முழுப்பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், சம்பவம் நடந்த திகதி ஆகியவற்றைக் கொடுத்து விசாரியுங்கள்.
- பொலிஸ் நிலையத்தின் போக்குவரத்துப் பிரிவிலும் விபரம் கேட்கலாம். ஆனால் பிடியாணை இருப்பதாகச் சந்தேகம் இருந்தால், முதலில் ஒரு சட்டத்தரணி மூலம் நீதிமன்றத்தில் விசாரிப்பது நல்லது. பிடியாணை உள்ளவரைப் பொலிஸார் அங்கேயே கைதுசெய்யலாம்.

இன்னொன்று: மோட்டார் சைக்கிளையோ ஆட்டோவையோ பெயர் மாற்றாமல் "ஓப்பன் பேப்பர்" முறையில் விற்றிருந்தால், வாங்கியவர் செய்த குற்றத்துக்கும் பதிவுப் பெயருக்குரிய உங்களையே தேடி வரக்கூடும். அப்படியானால் விற்றதற்கான கடதாசி எதுவாயினும் எடுத்துச் செல்லுங்கள்.

5. எடுத்துச் செல்ல வேண்டியவை

- தேசிய அடையாள அட்டை. தொலைந்திருந்தால், பொலிஸில் முறைப்பாடு செய்து பெற்ற பிரதி. கிராம உத்தியோகத்தர் ஊடாக ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்ததற்கான சான்று.
- தண்டப்பத்திரம் அல்லது அழைப்பாணை, கையில் இருந்தால்.
- இடம்பெயர்ந்ததற்கான சான்று. கிராம உத்தியோகத்தரின் கடிதம், முகாமில் பதிந்த பதிவு, பிரதேச செயலகம் தந்த நிவாரணக் கடதாசி, தோட்ட அலுவலகக் கடிதம், உங்கள் இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தந்த அறிவித்தல் ஆகியவற்றில் கிடைப்பது எதுவும் உதவும்.
- அந்த நாட்களில் சுகயீனமாக இருந்திருந்தால் வைத்தியசாலைத் துண்டு.
- பிணைக்கு நிற்கக்கூடிய ஓர் உறவினர் அல்லது அயலவர். அவரது அடையாள அட்டையும், கிராம உத்தியோகத்தரிடம் பெற்ற வதிவிடச் சான்றும் கையில் இருக்கட்டும்.
- இயன்ற அளவு பணம்.

சான்றுக் கடிதத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். "இவர் இடம்பெயர்ந்தவர்" என்று மட்டும் இருந்தால் போதாது. எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை, எங்கே தங்கியிருந்தீர்கள் என்று எழுதச் சொல்லுங்கள். உங்கள் தவணைத் திகதி அந்த இடைவெளிக்குள் விழுகிறது என்பதை நீதவான் ஒரே பார்வையில் காண வேண்டும். நீங்கள் வேறு கிராமத்துக்கு மாறியிருந்தால், இடம்பெயர்ந்ததைப் பழைய கிராம உத்தியோகத்தரும், இப்போதைய வதிவிடத்தைப் புதியவரும் உறுதிப்படுத்துவார்கள். இருவரிடமும் போவது அலைச்சல்தான். ஆனால் இதே கடிதங்கள் வேறு நிவாரண வேலைகளுக்கும் உதவும். ஆகவே பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

6. நீதிமன்றத்தில் என்ன நடக்கும்?

வழக்கமான வழி, சட்டத்தரணி ஒருவர் நகர்த்தல் பத்திரம் மூலம் வழக்கை அழைப்பித்து, நீங்கள் நீதவான் முன் ஆஜராவது. "மோஷன் போடுவது" என்று பேச்சில் சொல்வார்கள். சட்டத்தரணி இல்லாமல் நீங்களாகவும் பதிவாளர் அலுவலகத்துக்குச் சென்று, "என் மீது பிடியாணை இருக்கிறது, சரணடைய வந்திருக்கிறேன்" என்று சொல்லலாம். நீதிமன்றம் தொடங்குவதற்கு முன்பே, காலையிலேயே போங்கள். பின்னேரம் போனால் அன்று வழக்கை அழைக்க முடியாமல் போகலாம்.

உங்கள் பெயர் அழைக்கப்பட்டதும் முன்னே செல்ல வேண்டும். ஏன் வரவில்லை என்று கேட்டால், சுருக்கமாகவும் உண்மையாகவும் சொல்லுங்கள்: "இந்தத் திகதியில் வீடு இடிந்து முகாமில் இருந்தோம், வீதி மூடியிருந்தது, இதோ கடிதம்." நடக்காததைச் சேர்க்க வேண்டாம். அதன்பின் இரண்டு விஷயங்கள் தனித்தனியாக முடிவாகும்.

ஒன்று, பிடியாணை. நீதவான் அதை மீளப்பெறலாம். பிணையில் விடும்போது உங்கள் சொந்தப் பொறுப்பில் விடலாம், சரீரப் பிணை கேட்கலாம், காசுப் பிணை விதிக்கலாம். பிணை வழங்குவதே பொது விதி, மறுப்பது விதிவிலக்கு என்பது 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின் அடிப்படை. எனினும், முடிவு நீதவானுடையது.

இரண்டு, பழைய போக்குவரத்துக் குற்றச்சாட்டு. பிடியாணை மீளப்பெறப்பட்டதால் அது மறைந்துவிடாது. குற்றச்சாட்டை வாசித்து, குற்றவாளியா சுற்றவாளியா என்று கேட்பார்கள். புரியாமல் தலையாட்ட வேண்டாம். ஒப்புக்கொண்டால் தண்டம் விதிக்கப்படும். மறுத்தால் விசாரணைக்கு வேறு தவணை தரப்படும். விதிக்கப்பட்ட தண்டத்தைக் கட்டாவிட்டால் அதற்குப் பதிலாகச் சிறைக்குச் செல்ல நேரும். ஆகவே கையில் காசு போதாவிட்டால் வாய்மூடி நிற்காமல், கட்டுவதற்குக் காலம் தரும்படி அங்கேயே கேளுங்கள்.

7. மொழி தெரியாவிட்டால்

மாத்தளை மாவட்ட நீதிமன்றங்களின் நடவடிக்கைகள் சிங்களத்தில் நடக்கும். அதனால் தமிழ் மட்டும் தெரிந்தவர் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை. நீதிமன்ற மொழி தெரியாதவருக்குத் தமிழில் உரைபெயர்ப்புப் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 24ஆவது உறுப்புரை தருகிறது. அதை அரசே ஏற்பாடு செய்ய வேண்டும். உங்களிடம் பணம் கேட்க முடியாது. பெயர் அழைக்கப்பட்டவுடனேயே "எனக்குத் தமிழில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள்.

காதில் விழும் சில சிங்களச் சொற்களையும் தெரிந்துவைத்தால் பதற்றம் குறையும்:

- வரெந்துவ: பிடியாணை
- சித்தாசிய: அழைப்பாணை
- நடு அங்கய: வழக்கு இலக்கம்
- எப்ப: பிணை (நம்முடைய "எப்போது" அல்ல!)
- தடய: தண்டப்பணம்
- வரதகரு: குற்றவாளி
- நிவெரதிகரு: சுற்றவாளி
- ஈளங்க தினய: அடுத்த தவணை

8. அதற்குள் பொலிஸார் வந்துவிட்டால்

ஓட வேண்டாம், தள்ள வேண்டாம், வாக்குவாதம் செய்ய வேண்டாம். ஓடினால் சின்ன வழக்கு பெரிய வழக்காகும். அதேவேளை உங்களுக்கு உரிமைகள் உண்டு.

- கைதுக்கான காரணத்தை உங்களிடம் சொல்ல வேண்டும். இது அரசியலமைப்பின் 13ஆவது உறுப்புரையில் உள்ளது. பிடியாணையைக் காட்டும்படி கேளுங்கள். வழக்கு இலக்கத்தையும் நீதிமன்றப் பெயரையும் வீட்டார் எழுதிக்கொள்ளட்டும்.
- பிணைமுறி எழுதிக்கொடுத்தால் விடலாம் என்று நீதிமன்றம் பிடியாணையிலேயே குறித்திருக்கக்கூடும். அப்படி ஏதும் இருக்கிறதா என்று மரியாதையாகக் கேளுங்கள்.
- வீணான தாமதமின்றி உங்களை நீதிமன்றத்தில் முன்னிலைப்படுத்த வேண்டும்.
- எந்தப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள் என்பதை வீட்டார் தெரிந்துகொண்டு, இடம்பெயர்வுச் சான்றுக் கடிதத்தோடு ஒருவர் பின்னால் செல்ல வேண்டும்.

"பிடியாணையை இல்லாமல் பண்ணித் தருகிறேன்" என்று காசு கேட்பவர் யாராக இருந்தாலும் கொடுக்காதீர்கள். நீதவானைத் தவிர வேறு யாராலும் அதைச் செய்ய முடியாது. இலஞ்சம் கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு 1954 என்ற இலக்கத்தில் முறையிடலாம். அடித்தாலோ, காரணமின்றித் தடுத்து வைத்தாலோ மனித உரிமைகள் ஆணைக்குழுவை 1996 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். அதன் பிராந்திய அலுவலகம் கண்டியில் உள்ளது.

9. வேலை முடிந்த பிறகு

நீதிமன்றத்தைவிட்டு வெளியே வந்ததும் பெருமூச்சு விடுவீர்கள். ஆனால் வீடு செல்லுமுன் மூன்று காரியங்கள் மீதமிருக்கின்றன.

முதலாவது, தண்டம் கட்டிய பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். இரண்டாவது, பிடியாணை மீளப்பெறப்பட்டதைக் காட்டும் நீதிமன்றக் கட்டளையின் பிரதியைக் கேட்டுப் பெறுங்கள். நீதிமன்றம் மீளப்பெற்ற செய்தி பொலிஸ் நிலையப் புத்தகத்தில் ஏறச் சில நாள் ஆகலாம். அதற்கிடையில் மறிக்கப்பட்டால் அந்தப் பிரதிதான் உங்களைக் காக்கும். மூன்றாவது, அதன் இன்னொரு பிரதியைச் சம்பந்தப்பட்ட பொலிஸ் நிலையத்தில் கொடுத்து, சாரதி அனுமதிப்பத்திரம் எங்கே இருக்கிறது என்று விசாரித்து மீட்டுக்கொள்ளுங்கள். அது கையில் வரும்வரை வாகனம் ஓட்டினால் அடுத்த வழக்கு ஆரம்பமாகும்.

அடுத்த தவணை தந்திருந்தால், புதிய முகவரியைப் பதிவாளர் அலுவலகத்தில் சொல்லுங்கள். பழைய முகவரிக்குப் போன கடிதத்தால் இன்னொருமுறை சிக்கக் கூடாது.

10. சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால்

1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான சட்ட உதவி ஆணைக்குழு, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக ஆலோசனை தருகிறது. தகுதியுள்ளவர்களுக்காக நீதிமன்றத்திலும் ஆஜராகிறது. உங்களுக்கு அண்மையிலுள்ள நிலையம் எங்கே என்று நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்திலோ பிரதேச செயலகத்திலோ கேளுங்கள். போகும்போது வருமானம் பற்றிய கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் எடுத்துச் செல்லுங்கள். தனியார் சட்டத்தரணியிடம் போனால், கட்டணம் எவ்வளவு, அதில் என்னென்ன அடங்கும் என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

வீட்டில் சேர்ந்து செய்துபாருங்கள்

இன்று இரவு சாப்பிட்ட பிறகு குடும்பமாக உட்கார்ந்து இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள்.

1. புயலுக்கு முன் நம் வீட்டில் யாருக்காவது தண்டப்பத்திரமோ நீதிமன்றத் தவணையோ இருந்ததா? வெளியூரில் வேலை செய்யும் மகனிடமும் கேட்டீர்களா?
2. எங்கே மறித்தார்கள்? அது எந்த நீதிமன்றத்துக்கு உரியது?
3. தவணைத் திகதியில் நாம் எங்கே இருந்தோம்? அதற்குச் சான்று யாரிடம் பெறலாம்?
4. பிணைக்கு நிற்கக்கூடியவர் யார்? அவரிடம் இப்போதே பேசிவிட்டோமா?
5. எந்த நாளில் போகிறோம்?

ஐந்தாவது கேள்விக்கான பதிலை நாட்காட்டியில் எழுதி வையுங்கள். வழக்கு ஒவ்வொன்றும் வேறுபடும் என்பதால், சந்தேகம் இருந்தால் சட்டத்தரணியிடம் கேட்டுத் தெளிவுபெறுங்கள். இந்தக் கைநூலில் உள்ள கிராம உத்தியோகத்தர் கடித மாதிரியைக் கிழித்தெடுத்துப் பயன்படுத்தலாம். எழுத உதவி தேவைப்பட்டால் உங்கள் பகுதிக்கு வரும் எமது களப் பணியாளரிடம் சொல்லுங்கள்.